சனிக்கிழமைச் சோறு

நைனா,

மகனே, இதை நீ மெதுவாகத்தான் படிக்க முடியும். அதற்காகவே எழுத்தில் அனுப்புகிறேன். நான் போனில் பேசி அனுப்பினால் நீ அதை ரெண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறாயாம். உன் அக்கா கஸ்தூரி போட்டுக் காட்டினாள். என் குரல் எனக்கே எலி கத்துகிற மாதிரி இருந்தது. பெற்றவன் பேச்சை எலிக் குரலில் கேட்டுவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறவனிடம் என்னத்தைப் பேசுவது? நான் கைநாட்டு வைக்கிறவன். எனக்கு வேறு வழியில்லை, கட்டைவிரலைக் காட்டுகிறேன். இத்தனை படித்த உனக்கு என்ன வந்தது?

அதனால்தான் பஸ் ஏறிச் சித்தூருக்கு வந்து, உன் அக்கா வீட்டில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அவளை எழுத வைக்கிறேன். ஊரில் இருந்து சொன்னால் உன் அம்மா காதில் விழும், அவள் அழுவாள், கடிதம் அதோடு நின்றுபோகும். தமிழில்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ அஞ்சாவது வரைக்கும் படித்த தமிழ். அப்புறம் தெலுங்கு, அப்புறம் இங்கிலீஷ் என்று போய்விட்டாய். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். படி. இந்த ஒரு தடவையாவது நான் பேசுகிற வேகத்தில் என்னைக் கேள்.

முதலில் அந்தத் தராசு. கெங்கம்மா ஜாத்திரைக்கு நீயும் உன் பெண்டாட்டி லாவண்யாவும் வந்தீர்கள். உன் அம்மா விடியலில் எழுந்து கேழ்வரகுக் களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்து, கோழிக் குழம்பு வைத்திருந்தாள். நீ உட்கார்ந்ததும் பையைத் திறந்து, சோப்பு டப்பா மாதிரி ஒரு தராசை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். உனக்கு சுகர் வந்திருக்கிறது, கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள், டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஜாத்திரை நாளில், ஒரம்பரை, சொந்தக்காரர் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, களியைத் தராசில் வைத்து எடை பார்த்தவன் நம் வம்சத்தில் நீ ஒருத்தன்தான். உன் அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "பாரு, டாக்டர் சொன்னா சொன்னபடி கேக்கறான். நீயும்தான் கீற, சுகரை வச்சிக்கினு மாம்பழத்தைக் கண்டா விடறியா?" என்று என்னை இடித்தாள். லாவண்யா அதற்கு மேல். "அவருக்கு ரொம்ப கண்ட்ரோல் மாமா. எங்க நைனாவுக்கு இதையேதான் சொல்லிக்கினு கீறேன், உன் மாப்பிள்ளையைப் பாத்துக் கத்துக்கோன்னு."

நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். மாங்காய் மண்டியில் தராசு முள்ளைப் பார்க்கத் தெரியாதவன் தோப்பு வைத்திருக்க முடியாது. டாக்டர் சொன்ன எண் இன்னது என்று நீயே லாவண்யாவிடம் சொன்னாய். தராசு அந்த எண்ணுக்கு வந்தது. நீ அதோடு விடவில்லை. களியின் ஓரத்தைச் சுரண்டினாய். எண் கீழே இறங்கியது. மறுபடியும் சுரண்டினாய். சுரண்டினதை எல்லாம் தட்டின் விளிம்பில், காக்கைக்கு வைக்கிற மாதிரி ஒதுக்கி வைத்தாய்.

"இன்னாடா, தங்கமா நிறுக்கற?" என்றேன்.

"டாக்டர் சொல்லிக்கீறாங்க நைனா."

"அவங்க சொன்ன நம்பர் தாண்டி கீழ பூட்டுதே?"

"அப்ப இன்னும் நல்லதுதானே."

எல்லாரும் சிரித்தார்கள். 'இன்னும் நல்லதுதானே' என்கிற அந்தச் சொல்லை, அதே குரலில், நான் முன்னால் கேட்டிருக்கிறேன். நீ மறந்திருக்கலாம். எனக்கு மறக்கிற வசதி கிடையாது. எழுதி வைக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்தாவது முடித்து உன்னைத் திருப்பதியில் இண்டர் படிக்க ஹாஸ்டலில் விட்டபோது நீ கொழுகொழு என்று இருந்தாய். உன் சித்தப்பன் 'பன்னு' என்று கூப்பிடுவான், நாங்கள் சிரிப்போம். புரட்டாசியில் நீ போன் செய்து, சனிக்கிழமை விரதம் இருக்கிறேன் என்றாய். உன் அம்மா பூரித்துப் போய்த் தெருவெல்லாம் சொன்னாள். புரட்டாசி போனது, சனிக்கிழமை போகவில்லை. "மாசத்துல ஒண்ணு இருந்தா போதாதாடா?" என்று கேட்டேன். "எல்லாச் சனிக்கெழமையும் இருந்தா இன்னும் நல்லதுதானே நைனா" என்றாய். அப்புறம் திங்கட்கிழமை சிவனுக்கு. செவ்வாய் திருத்தணி முருகனுக்கு. வியாழன் பாபாவுக்கு. வெள்ளி கெங்கம்மாவுக்கு. கிழமைகளை எல்லாம் தெய்வங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு உனக்கென்று நீ வைத்துக்கொண்டது புதனும் ஞாயிறும்தான். நாங்கள் என்ன செய்தோம்? பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று தேங்காய் உடைத்தோம். வேறு ஊராக இருந்தால், பையன் ஏன் சாப்பிடவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள். நமக்கு மலையடிவாரம். இங்கே பட்டினி கிடக்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை, கும்பிடுகிறார்கள்.

கும்பிட்டே விட்டார்கள். நீ பரீட்சை எழுதி முடித்ததும் அலிபிரியில் இருந்து திருமலைக்குப் படி ஏறினோமே. உன் அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். நீ முன்னால் போனாய். பெரிய கோபுரத்துக்குக் கீழே நீ சுருண்டு விழுந்தாய். நான் ஓடி வந்து உன் தலையை மடியில் வைத்தேன். தூக்கினால் கனமே இல்லை. யாரோ ஒருத்தர் ஒரு வாழைப்பழத்தை உரித்து உன் வாயில் வைத்தார். நீ கண்ணைத் திறக்காமலே, "சனிக்கெழமை, வாணாம்" என்றாய். சுற்றி நின்றவர்கள் கோவிந்தா போட்டார்கள். ஒரு தெலுங்கு அம்மா குனிந்து உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாகக் கிடக்கிற என் பிள்ளையின் காலை. அந்த அம்மா மேல் தப்பில்லை. அதுவரைக்கும் நாங்களும் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்.

(உன் அக்கா இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அதையெல்லாம் எழுதணுமா நைனா? அவன் மனசு கஷ்டப்படாதா?" என்கிறாள். எழுது என்றேன். வயிறு கஷ்டப்பட்டதை விடவா?)

அப்புறம் மனசு பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனது, மாசக் கணக்கில் நடந்தது, உனக்குத் தெரியும். அந்த அம்மா சொன்னதை நான் வரிக்கு வரி சொல்வேன். எந்தச் சோறும் எதிரி இல்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அளக்கக் கூடாது. வீட்டில் எடை மெஷின் கூடாது. ஒரு வேளையும் தள்ளக் கூடாது, விரதம் என்கிற பேச்சே கூடாது. நீயும் கஷ்டப்பட்டுத்தான் ஏறி வந்தாய். ஒரு இட்லியை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து மாடு, மழை, மாங்காய் விலை என்று எதையாவது பேசுவேன். சோற்றைப் பற்றி மட்டும் பேசமாட்டேன். அதுவும் அந்த அம்மா சொன்னதுதான். ஒருநாள் நீ ரெண்டாவது தடவை குழம்பு கேட்டாய். உன் அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், உனக்குக் கேட்கக் கூடாது என்று.

அவ்வளவு பாடுபட்டு வந்தவன், இந்த சுகர் டாக்டரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்? ஒரு டாக்டர் எந்தச் சோறும் எதிரி இல்லை என்கிறார். இன்னொருத்தர் ஒரு தாள் நிறைய எதிரிகளை எழுதிக் கொடுக்கிறார். அது வேண்டாம், இது வேண்டாம், இத்தனை கிராம், இத்தனை மணிக்கு. நடுவில் நீ. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ரெண்டு பேரையும் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான், நீயோ வாயில் மண்ணை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தாளில் எழுதியிருக்கிற ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதும் உனக்குப் பழைய கூட்டாளி மாதிரி இருந்திருக்கும். முன்னால் பெருமாள் பெயரைச் சொன்னாய், இப்போது டாக்டர் பெயரைச் சொல்கிறாய். ஆள்தான் மாறியிருக்கிறது. வேலை அதே வேலை.

சரி, கேள். போன வாரம் நான் உன் டாக்டரிடம் போனேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். ஜாத்திரை அன்று மாத்திரைக் கவரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாயே, அதை அக்காவிடம் காட்டி ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்டுக்கொண்டேன். நம் ஊருக்குப் பக்கம் புத்தலப்பட்டில் பஸ் ஏறித் திருப்பதியில் இறங்கி, விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். டோக்கன் என் பெயரில்தான் போட்டேன். எனக்கும்தான் சுகர் இருக்கிறதே, பொய் இல்லை. உள்ளே போனால், உன் அக்கா வயசில் ஒரு பெண். நான் கும்பிட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எம் பிள்ள உங்க கிட்ட வர்றான்" என்று ஆரம்பித்து, எலிக் குரல் இல்லாமல், முழுசாகச் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதை அவர் எங்கிட்ட சொல்லலியே தாத்தா."

"எங்களாண்டயே சொல்லமாட்டாம்மா. நாங்களாதான் கண்டுபிடிக்கணும்."

"அவரைப் பத்தி நான் உங்ககிட்ட பேசக் கூடாது. நீங்க சொல்றதைக் கேக்கலாம், அவ்ளோதான். ஆனா பொதுவா ஒண்ணு சொல்றேன். இப்படி ஒரு கஷ்டத்துல இருந்து வந்தவங்களுக்கு நான் கிராம் போட்டு எழுதவே மாட்டேன். தட்டுல பாதி காய், கால் பங்கு சோறோ களியோ, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. கண்ணால பாத்தா போதும். போட்டுத் தர்றது வீட்ல வேற யாராவது செய்யட்டும். எடை நாங்க பாப்போம், அவர் நம்பரைப் பாக்க வேணாம். சுகர் மாத்திரை போட்டுக்கினு பட்டினி கிடந்தா, ரத்தத்துல சர்க்கரை திடீர்னு இறங்கும். ஏறுறது பல வருஷத்துல பண்ற கெடுதலை இறங்குறது ஒரு வேளையில பண்ணிடும். வண்டி ஓட்டறப்போ இறங்கினா என்ன ஆவுறது?"

உனக்குப் பைக் இருக்கிறது. ரேணிகுண்டா ரோட்டில், லாரிகளுக்கு நடுவில் தினமும் வேலைக்குப் போய்வருகிறாய். கேட்கிறதுக்கு அந்தப் பெண் சொன்னது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு சுகரும் நிஜம், பழைய நோயும் நிஜம். ஒன்றுக்காக இன்னொன்றை விட முடியாது. 'எல்லாத்தையும் துன்னு' என்று நான் சொல்லவும் முடியாது, 'எதையும் துன்னாதே' என்று உன் தாளும் சொல்லக் கூடாது. நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது, அதில் நடக்க வேண்டும். அந்த வரப்பைக் காட்டுகிறதுக்கு ரெண்டு டாக்டரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேச வேண்டும். இந்தப் பெண் தானே பழைய டாக்டரம்மாவுக்குப் போன் செய்கிறேன் என்றாள். "ஆனா அவர் சரின்னு சொல்லணும் தாத்தா. அவர் உடம்பு, அவர் சொல்லணும்."

அப்படியே எழுந்து வந்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். அந்தப் பெண் விடவில்லை. டோக்கன் போட்டாச்சு இல்லையா, உட்காருங்கள் என்று என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா தாத்தா?"

"அதெல்லாம் கரெக்டா துன்னுடுவேம்மா. சனிக்கெழமை மட்டும் இல்ல."

"ஏன், சனிக்கிழமை என்ன?"

சொன்னேன். நீ படியில் விழுந்து எழுந்த பிறகு உன் அம்மா ஒரே பிடியாகப் பிடித்தாளே, பெருமாளுக்கு இருந்த விரதத்தைப் பாதியில் விட்டால் குற்றமாகும், பிள்ளைக்கு ஆகாது என்று. நம் ஊர்க் கோயில் பட்டர்தான், பெற்றவன் அந்த விரதத்தை ஏற்றுக்கொள்ளலாம், பிள்ளை சாப்பிடட்டும் என்று வழி சொன்னார். நான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து உன் சனிக்கிழமையை என் தலையில் ஏற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரைக்கும் விடவில்லை. சுகர் வந்த பிறகும் விடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீர்தான். ரெண்டு தடவை தோப்பில் கண் இருட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மாவுக்கே சொன்னதில்லை. (உன் அக்கா இப்போது என்னை முறைக்கிறாள்.)

அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டினாள்தான், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் மெதுவாக ஒன்று கேட்டாள். "அப்போ, சனிக்கிழமை சனிக்கிழமை உங்க பையன் சாப்பிடறப்போ நீங்க எங்க தாத்தா இருப்பீங்க?"

"பக்கத்துலதாம்மா. தனியா துன்னக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களே. பக்கத்துல குந்திக்கினு பேசிக்கினு இருப்பேன்."

"நீங்க அவருக்காகப் பட்டினியா எதிர்ல உக்காந்து இருப்பீங்க. அவர் சாப்பிடணும். எப்படித் தாத்தா முழுங்குவார்?"

நைனா, நான் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சந்திரகிரிக் கோட்டை தாண்டி, புத்தலப்பட்டு வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இட்லியை வைத்துக்கொண்டு நீ என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்ததெல்லாம் சனிக்கிழமைகள்தான். வேலை கிடைத்ததும் சனிக்கிழமை ஷிப்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வராமல் இருந்தாயே, அதுவும் இப்போதுதான் புரிகிறது. ஒரு பட்டினியை நிறுத்துகிறதுக்கு இன்னொரு பட்டினியைக் கொண்டுவந்து உன் எதிரில் உட்கார வைத்திருக்கிறேன். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒருநாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் நீ. 'நைனா, நீ எதிரில் இப்படி உட்கார்ந்தால் எனக்கு இறங்கவில்லை' என்று ஒரு வார்த்தை. இந்த வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லத் தெரியாது, சோற்றைத் தள்ளி வைக்க மட்டும் தெரியும். உன் அம்மாவுக்கு என் மேல் கோபம் வந்தாலும் சாப்பிடமாட்டாள். உன் அக்காவும் கல்யாணத்துக்கு முந்தி அப்படித்தான். (எழுதடி, நிஜம்தானே.) கோபம், பயம், பக்தி, பாசம் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே பாஷை, பட்டினி. நீ அதை எங்கிருந்து கற்றாய் என்று டாக்டர் டாக்டராகக் கேட்டுக்கொண்டு அலைந்தேன் பார், நான்.

லாவண்யாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது, பையனுக்கு என்ன பிடிக்கும் என்று அவள் அம்மா கேட்டாள். "எல்லாம் துன்னுவான், ஒண்ணும் தள்ளமாட்டான்" என்று உன் அம்மா சொன்னாள், நான் தலையாட்டினேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியவன் நீதான். நீ இளைப்பதைப் பார்த்து அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறாள், உன் அம்மா தேங்காய் உடைத்த மாதிரி. அவளையும் அந்த அலிபிரிப் படியில் நிற்க வைக்காதே. அவள் அழுவாள், எங்கள் மேல் கோபப்படுவாள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அவள் கெட்டிக்காரி. பாதி காய், கால் பங்கு சோறு என்று தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, மாடு, மழை என்று அவளும் எதையாவது பேசுவாள். தராசை அக்காவிடம் கொடுத்துவிடு, அவளுக்குப் பலகாரம் நிறுக்க ஆகும். டாக்டரிடம் 'சரி' என்று சொல்லு. ஒரு வார்த்தைதான். கட்டைவிரல் படம் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை நான் மத்தியானம் சோறு சாப்பிடப் போகிறேன். காலையில் கோயிலுக்குப் போய், முடிந்து வைத்த காசை உண்டியலில் போட்டுவிட்டு, 'அப்பனே, உன் கணக்கும் என் பிள்ளை கணக்கும் இதோடு தீர்ந்தது, குற்றம் என்றால் என் பேரில் வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டு வருவேன். அவன் மலை மேல் லட்டு வைத்துக்கொண்டிருக்கிறவன், நான் ஒரு வாய் களி சாப்பிட்டால் ஒன்றும் சொல்லமாட்டான். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீயும் லாவண்யாவும் வாருங்கள். உன் மேல் கோபமாக இருந்தாலும் வா. டாக்டரிடம் போனதற்குக் கோபமா, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து திட்டு, நான் கேட்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். உனக்காக நான் காத்திருக்கமாட்டேன். நீ வருகிற வரைக்கும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் ஒரு விரதமாகிவிடும், அதையும் நீ வந்து பார்க்க வேண்டியிருக்கும். மணி ஒன்றடித்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். நீ வந்தால் சட்டியில் சோறு இருக்கும். வராவிட்டாலும், உன் நைனா அன்றைக்குப் பட்டினி இல்லை.